மலையில் ஓட்ட முதல் ஸ்னோமொபைல்: எதைப் பார்த்து வாங்குவது?

கல்கரி, வான்கூவர், டென்வர் பக்கம் வேலை கிடைத்துப் போன நண்பர் யாராவது இருந்தால், டிசம்பருக்குப் பிறகு அவருடைய இன்ஸ்டாகிராமில் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் சுழலும் ஒரு ரப்பர் பட்டை. ஒருவர் நின்றபடி ஓட்ட, இடுப்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு மலை ஏறுகிறது. இதுதான் ஸ்னோமொபைல். ஓட்டுபவர்கள் செல்லமாக ‘ஸ்லெட்’ என்பார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், யூட்டா ஆகிய மலைப்பகுதிகளில் இது பெரிய குளிர்கால விளையாட்டு. கல்கரியிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில் உள்ள ரெவல்ஸ்டோக் ஊருக்கு இதற்காகவே வார இறுதியில் கிளம்புகிறவர்கள் ஏராளம்.

முதல் வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை சிசி?’ என்பதுதான். ஆனால் மலையில் அது இரண்டாவது, மூன்றாவது கேள்வி. புதைந்தால் உங்களால் வெளியே இழுக்க முடிகிற, நினைத்த இடத்தில் திரும்புகிற வண்டியா என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு

- டிராக் நீளம்: 154 அல்லது 155 அங்குலம் நல்ல தொடக்கம். உயரமும் எடையும் அதிகம் உள்ளவர்களுக்கு 163 – 165.
- லக் உயரம்: 2.5 அல்லது 2.6 அங்குலம் போதும்.
- இன்ஜின்: 600 – 650 சிசி, அல்லது டர்போ இல்லாத 850.
- பட்ஜெட்: எல்லாவற்றையும் வண்டியில் போடாதீர்கள். கால்வாசியாவது பனிச்சரிவுப் பயிற்சிக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் எடுத்து வையுங்கள்.

மலைக்கு என்று தனி வண்டி எதுக்கு?

எல்லா ஸ்னோமொபைலும் ஒன்றல்ல. இயந்திரம் வைத்துச் சமன்செய்த பனிப்பாதையில் ஓட்டுவதற்கு ‘டிரெயில்’ வகை. மீன்பிடி, பண்ணை, மீட்புப் பணிக்கு ‘யூட்டிலிட்டி’ வகை. பாதையே இல்லாத ஆழமான பவுடர் பனியில் மலை ஏறுவதற்கு ‘மவுன்டன்’ வகை.

டிரெயில் வண்டியில் இரண்டு ஸ்கீக்கும் இடையிலான அகலம் 42 – 43 அங்குலம். அதனால் வளைவில் சாயாமல் கெட்டியாக நிற்கும். மவுன்டன் வண்டியில் இது 36 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். காரணம், மலைச்சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டியை மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். அகலமான வண்டி சாய மறுக்கும், சரிவின் கீழ்ப்பக்கமாகவே இழுக்கும். குறுகலான வண்டி உடம்பின் அசைவுக்குச் சாயும்.

எனவே ‘விலை குறைவா கிடைச்சுது’ என்று ஒரு பழைய டிரெயில் வண்டியை வாங்கி மலைக்குக் கொண்டுபோனால், முதல் நாள் முழுக்க மண்வெட்டியும் கையுமாகத்தான் போகும்.

இன்னொரு விஷயம்: மவுன்டன் வண்டியில் சீட் ஒருவருக்குத்தான். மனைவியையோ நண்பரையோ பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம் என்ற கணக்கு இதில் நடக்காது.

டிராக் நீளம் என்றால் என்ன?

விளம்பரத்தில் வரும் 146, 154, 165, 175 போன்ற எண்கள் அந்த ரப்பர் பட்டையின் முழுச் சுற்றளவு, அங்குலத்தில். பனியைத் தொடுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. அகலம் பொதுவாக 15 அல்லது 16 அங்குலம்.

நீளம் கூடினால் வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவும். வண்டி பனியின் மேல் மிதக்கும், செங்குத்தான சரிவில் ஏறும். ஆனால் திருப்புவது கடினம். நீளம் குறைந்தால் மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகலாம், ஆனால் புதுப்பனி ஆழமாகக் கிடக்கும் நாளில் சீக்கிரம் புதையும். 154 என்பது இரண்டுக்கும் நடுவே. 174, 175 எல்லாம் மிக ஆழமான பனிக்கும், நீண்ட ஏற்றங்களுக்கும், அனுபவப்பட்ட கைகளுக்கும்.

டிராக்கின் மேல் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பற்கள்தான் லக். டிரெயில் வண்டியில் இவை 1 முதல் 1.6 அங்குலம் வரை. மவுன்டன் வண்டியில் 2.5 முதல் 3 அங்குலம். உயரம் கூடினால் ஆழமான பனியில் பிடிப்பு கூடும். ஆனால் அந்த உயரமான பற்களைச் சுழற்றவே இன்ஜினின் சக்தி கொஞ்சம் செலவாகும்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது குளிர்விப்பு. டிராக் வாரி இறைக்கும் பனி, வண்டியின் அடியில் உள்ள ரேடியேட்டர் பகுதியில் பட்டுத்தான் இன்ஜின் குளிர்கிறது. மலைக்குப் போகும் வழியில் உறைந்த, கெட்டியான பாதை வந்தால் பனி தெறிக்காது, சூடு ஏறும். இதற்கு ‘ஸ்க்ராட்சர்’ என்ற கம்பியை மாட்டுவார்கள். அது பாதையைக் கீறி பனித்தூளை மேலே எறியும். வாங்கும் வண்டியில் இது இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் இன்ஜினைக் காப்பாற்றும்.

600 சிசியா, 850ஆ, டர்போவா?

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும், அதனால் இன்ஜினின் சக்தியும் குறையும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் என்பது பொதுக் கணக்கு.

கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் 850 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். 2,000 மீட்டரில், அதாவது சுமார் 6,500 அடியில், அது 130 சொச்சம்தான் தரும். கொலராடோவில் 10,000 அடிக்கு மேல் போனால் 115 பக்கம் வந்துவிடும். 125 குதிரைத்திறன் கொண்ட 600 சிசி வண்டி 2,000 மீட்டரில் 100 அளவில் நிற்கும்.

டர்போ காற்றை அழுத்தி அனுப்புவதால் இந்த இழப்பைச் சரிக்கட்டுகிறது. ஸ்கீ-டூ 2020 மாடலில் டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவந்தது. அடுத்து போலாரிஸும் வந்தது. கொலராடோவின் உயரத்தில் டர்போவுக்கு அர்த்தம் உண்டு. ரெவல்ஸ்டோக் பகுதியில் ஓட்டுமிடங்கள் அதைவிடத் தாழ்வாக இருப்பதால் புதியவருக்கு அது அவசியமே இல்லை.

காசு மட்டும் பிரச்சினை இல்லை. த்ராட்டிலை அளவாக அழுத்தப் பழகாதவர் கையில் அதிக சக்தி கிடைத்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, டிராக் கீழ்நோக்கிக் குழி தோண்டி வண்டி புதையும். இரண்டு, திறமை வருவதற்கு முன்பே வண்டி அவரை ஆபத்தான சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவதுதான் உயிர் பிரச்சினை. அதற்குக் கீழே வருவோம்.

மவுன்டன் வண்டிகளில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் நம்பகமானது, எரிபொருளும் மிச்சம், ஆனால் எடை அதிகம்.

எடையை எப்படிப் படிப்பது?

விளம்பரத்தில் 190 – 210 கிலோ என்று போட்டிருக்கும். அது ‘உலர் எடை’: பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் சேராது. டேங்க் 35 முதல் 45 லிட்டர் வரை பிடிக்கும். அதுவே 30 கிலோ அளவு. மேலே ஒட்டிய பனியையும் சேர்த்தால் மலையில் நீங்கள் தூக்குவது 240 கிலோவுக்கு மேல். ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பெட்ரோலோடு 195 கிலோ. அதைவிடக் கனமான ஒன்று மார்பளவு பனியில் சாய்ந்து கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கடையிலேயே வண்டியின் ஒரு பக்கத்தில் நின்று, ஸ்கீயில் உள்ள வளையத்தைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாயுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்து நின்று பாருங்கள். முதுகு வளையாமல் நிற்க முடிகிறதா? இல்லையென்றால் ஹேண்டில்பாரின் உயரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். மலையில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் மிகக் குறைவு.

எந்த கம்பெனி?

கியூபெக்கின் வால்கோர்ட் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பாம்பார்டியர் 1959இல் கொண்டுவந்த பெயர்தான் ஸ்கீ-டூ. இன்று அது பிஆர்பி நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் மவுன்டன் வண்டி ‘சம்மிட்’. மின்னசோட்டாவின் போலாரிஸ் தயாரிப்பது ‘ஆர்எம்கே’. அதே மாநிலத்தின் ஆர்க்டிக் கேட்டிலும் மவுன்டன் மாடல்கள் உண்டு. யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது.

பிராண்ட் சண்டை இணையத்தில் ஓயாது. நடைமுறையில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஓட்டப்போகும் ஊருக்குப் பக்கத்தில் எந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதுதான். சீசன் சில மாதங்கள்தான். ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தால் அந்த வருஷம் போயிற்று.

புதுசா, பழசா?

டர்போ இல்லாத புது 850 மவுன்டன் வண்டியே அமெரிக்காவில் 15,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். முதல் வண்டியைக் கண்டிப்பாக எங்காவது இடிப்பீர்கள். எனவே சில வருஷம் பழைய, டர்போ இல்லாத வண்டி புத்திசாலித்தனமான தேர்வு. சீசன் முடியும் மார்ச், ஏப்ரலில் விலை இறங்கும். பார்க்க வேண்டியவை:

- கம்ப்ரஷன் டெஸ்ட்: இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் வேலை காத்திருக்கிறது.
- குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட்: விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.
- டிராக்: கிழிந்த, உதிர்ந்த லக் இருக்கிறதா?
- ஸ்கீயைத் தாங்கும் கைகளும் அடிச்சட்டமும்: வளைவு, வெல்டிங் தடம் இருந்தால் பலமாக மோதிய வண்டி.
- பெல்ட், கிளட்ச்: தேய்மானம், கருகிய வாசனை.
- சேசிஸ் எண்: ஆவணத்தோடு பொருந்துகிறதா? திருட்டு வண்டிகள் சந்தைக்கு வருவதுண்டு.

ஓடிய தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். மலையில் ஓடிய 3,000 கி.மீ., சமவெளிப் பாதையில் ஓடியதைவிடக் கடுமையானது.

பணத்தில் கால்வாசியை ஏன் எடுத்து வைக்கணும்?

2010 மார்ச் 13. ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் அதிகாரப்பூர்வமற்ற ஸ்னோமொபைல் நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சுமார் 200 பேர் கூடியிருந்தார்கள். பனிச்சரிவு அபாயம் அதிகம் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. மேலிருந்து சரிந்த பனி கூட்டத்தின் மேல் பாய்ந்தது. இருவர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள்.

இந்த விளையாட்டின் மையப் பிரச்சினை இதுதான். நடந்து ஏறினால் பாதி நாள் ஆகும் சரிவுக்கு இந்த வண்டி சில நிமிடங்களில் கொண்டுபோய்விடும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன. நல்ல மவுன்டன் வண்டி உற்சாகமாக ஏறுவதும் அதே சாய்வில்தான். உயிர்ப்பலியான சம்பவங்களில் பெரும்பாலும் சரிவைத் தூண்டியது சிக்கியவரோ அவருடைய குழுவோதான்.

புதைந்தவரை 10 – 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு அது வேகமாகச் சரியும். மீட்புக் குழு ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். காப்பாற்றப்போவது உங்கள் நண்பர்கள்தான். அதனால் ஒவ்வொருவரிடமும் இவை இருக்க வேண்டும்:

- டிரான்ஸ்ஸீவர்: சிக்னல் அனுப்பும், தேடும் கருவி. வண்டியில் அல்ல, உடம்பில் கட்டியிருக்க வேண்டும். மொபைல் போனை இதிலிருந்து குறைந்தது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள்.
- புரோப் கம்பி, உலோக மண்வெட்டி: இவையும் முதுகுப் பையில்தான். வண்டியும் புதையலாம்.
- ஏர்பேக் பை: பனியின் மேற்பரப்பில் இருக்க உதவும். மரத்தில் மோதுவதிலிருந்து காப்பாற்றாது.
- சாட்டிலைட் மெசெஞ்சர்: பல மலைகளில் போன் சிக்னல் கிடையாது.

கருவி வாங்கினால் மட்டும் போதாது. கனடாவில் ‘ஏஎஸ்டி 1’, அமெரிக்காவில் ‘ஐயாரி லெவல் 1’ என்ற பயிற்சிகள் உள்ளன. ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கென்றே தனி வகுப்புகளும் நடக்கின்றன. கிளம்பும் நாள் காலையில் ‘அவலாஞ்ச் கனடா’ அல்லது அந்தப் பகுதி மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். அபாயம் 5 நிலைகளில் தரப்பட்டிருக்கும்.

மலையில் இரண்டு விதிகளை மறக்கவே கூடாது. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே ஒருவர் புதைந்து நின்றால் உதவிக்கு இன்னொருவர் வண்டியோடு ஏறக் கூடாது. கூடுதல் எடையே சரிவைத் தூண்டிவிடலாம். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கே வேணும்னாலும் ஓட்டலாமா?

முடியாது. அமெரிக்காவில் 1964 வனப்பகுதிச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நிலங்களில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அழிவின் விளிம்பில் உள்ள மலை கரிபூ மான்களுக்காகச் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கும். அங்கே அரசு நிலத்தில் ஓட்டுவதற்கு வண்டியைப் பதிவும் செய்ய வேண்டும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குல்மர்க்கில் ஓட்டிப் பார்த்தது போதுமா?

காஷ்மீரின் குல்மர்க்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்னோமொபைல் சவாரி உண்டு. பெரும்பாலும் உள்ளூர் ஓட்டுநரோடு சேர்ந்து ஒரு சுற்று. குளிரும் சத்தமும் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. ஆனால் மவுன்டன் வண்டியைச் சாய்த்து ஓட்டும் அனுபவம் அதில் கிடைக்காது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் வழிகாட்டியோடு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முடிந்தால் முதல் நாள் 154, மறுநாள் 165. இரண்டு நாள் வாடகை கொஞ்சம் வலிக்கும். தப்பான வண்டியை வாங்கி அடுத்த சீசனில் நஷ்டத்துக்கு விற்பதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

அப்போ முடிவாக?

நல்ல நிலையில் உள்ள, நாலைந்து வருஷம் பழைய, 154 அங்குல, டர்போ இல்லாத வண்டி ஒன்று. டிரான்ஸ்ஸீவர், புரோப், மண்வெட்டி. ஒரு பயிற்சி வகுப்பு. அதே பயிற்சி முடித்த இரண்டு நண்பர்கள். முதல் சீசனுக்கு இது தாராளம். பெரிய இன்ஜின் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும்.