தூரத்தில் கோப்பு, மெதுவான இணைப்பு – தென்காசி வரை ஒரு சிறு வரலாறு

சென்னையில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவர் குற்றால சீசனுக்கு ஊருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது ஆபீசிலிருந்து போன் வருகிறது. அவசரமாக ஒரு கோப்பைத் திருத்த வேண்டும். கோப்போ சென்னை சர்வரில் இருக்கிறது. இன்று இது ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் நாற்பது வருட உழைப்பு இருக்கிறது. அதில் இந்தியாவில் படித்தவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதல் பெயர் அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் பேட்ச் மாணவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரலில், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பை அனுப்பும் விதிமுறையை எழுதினார். அதுதான் எஃப்.டி.பி. முழுக் கோப்பையும் இங்கே கொண்டுவா, திருத்து, முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

இணைப்பு மெதுவாக இருந்தால் இதுவே பெரும் பாடு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அந்த வேகத்தில் 1 எம்.பி. கோப்பு வந்து சேர ஏறக்குறைய 15 நிமிடம். 5 எம்.பி. என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல்! ஆரம்பத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் அந்தச் சேவை. சிற்றூர்க்காரருக்கு எஸ்.டி.டி. கட்டணம் வேறு. கோப்பில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரியாக இருந்தாலும் முழுச் செலவும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு. அருவிக்கரையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நின்று குளிக்கலாம் என்பது ஒன்று. அது இணைப்பின் அகலம். சென்னையிலிருந்து குற்றாலம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது இன்னொன்று. அது தாமதம். அகலத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம். தாமதத்தை ஓர் எல்லைக்கு மேல் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்.

1984-ல் சன் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. தூரத்துக் கோப்பைச் சொந்தக் கணினியில் இருப்பது போலவே திறக்கலாம். ஒரே கட்டடத்துக்குள் அருமையாக ஓடும். ஆனால் இந்த வகை முறைகள் சர்வரிடம் ஓயாமல் கேள்வி கேட்பவை. கோப்பு இருக்கிறதா? அளவு என்ன? அடுத்த துண்டு கொடு... ஒரு கேள்வி போய்ப் பதில் வர கால் நொடி என்றால், 100 கேள்விக்கு 25 நொடி. எண்ணெய் எடுக்க ஒரு தடவை, துண்டு எடுக்க ஒரு தடவை என்று குற்றாலத்திலிருந்து சென்னைக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவது மாதிரி!

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ஏ.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையின் சிற்பிகளில் ஒருவர். கேட்ட கோப்பை ஒரு தடவை கொண்டுவந்து பயனர் கணினியிலேயே பிரதி வைத்துக்கொள்வது அதன் அடிப்படை. சர்வரில் கோப்பு மாறினால் சர்வரே தகவல் சொல்லும். சும்மா சும்மா கேட்க வேண்டியதில்லை.

அடுத்து 1987-ல் அவர் தொடங்கிய கோடா திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இணைப்பே அறுந்துபோனாலும் உள்ளூர்ப் பிரதியில் வேலை தொடரும். செய்த மாற்றங்கள் ஒரு பட்டியலில் சேரும். மோடம் போன்ற மெலிந்த இணைப்பு கிடைத்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சர்வருக்குக் கசியும். எழுதி உடனே அழித்த கோப்பை அனுப்புவது வீண்தானே? அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். ஏ.எஃப்.எஸ். குழுவுக்கு 2016-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது.

மிச்சமிருந்த ஒரு வரிப் பிரச்சினைக்கு 1996-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து விடை வந்தது. ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மெக்கெரஸ் இருவரும் ஆர்சிங்க் முறையை வெளியிட்டார்கள். பழைய பிரதி இருக்கும் கணினி அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாள எண் கணக்கிட்டு அனுப்புகிறது. எதிர்முனை தன் புதிய கோப்போடு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஒரு வரி மாறினால் அந்த வரியை ஒட்டிய துண்டுதான் பயணப்படும்.

கவனித்தால் ஒன்று புரியும். இவர்கள் யாரும் தொலைபேசிக் கம்பியை வேகமாக்கவில்லை. கம்பியில் போக வேண்டியதைக் குறைத்தார்கள். கேள்வியைக் குறை, பிரதி வை, மாறியதை மட்டும் அனுப்பு. இன்றைய மேகச் சேமிப்புச் சேவைகள் பலவும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. ஃபைபர் வந்த பிறகும் இவை தேவைப்படுவதற்குக் காரணம், அகலம் கூடினாலும் தூரம் குறையவில்லை என்பதே.

இதனால் தென்காசிக்கு என்ன லாபம்? 2011-ல் ஜோஹோ நிறுவனம் தென்காசியில் ஒரு சிறு அலுவலகம் தொடங்கியது. பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறை கிராமத்தில் பெரிய வளாகம் எழுந்தது. உலகம் முழுக்க விற்கும் ஜோஹோ டெஸ்க் மென்பொருள் உருவானது இங்கேதான். கோப்பு இருக்கும் ஊருக்குத்தான் ஆள் போக வேண்டும் என்றிருந்தால் இந்த இளைஞர்கள் அத்தனை பேரும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறியிருப்பார்கள். வேலை ஊர் தேடி வர சாலையும் கட்டடமும் மட்டும் போதாது. தூரத்துக் கோப்பைப் பக்கத்தில் இருப்பது போல ஆக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடும் வேண்டியிருந்தது.

குற்றால அருவிக்கு மட்டும் இந்தப் பிரதி எடுக்கும் உத்தி பலிக்காது. அதற்கு நேரில்தான் வர வேண்டும்!