சின்ன காஞ்சிபுரத்து வாடகைக் கார்த் தொழில்

வரதராஜப் பெருமாள் சந்நிதியைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரத்தில், தரிசனத்துக்கு வரும் யாத்திரிகரையும் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களையும் நம்பி வளர்ந்தது வாடகைக் கார்த் தொழில். ஆயினும் அது எத்தனை வண்டிகளாகப் பெருகலாம் என்பதை நெடுங்காலம் நிர்ணயித்தது யாத்திரிகர் கூட்டமன்று, சட்டமே.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகை வண்டி ஒவ்வொன்றும் பர்மிட் பெறவேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், புதிய வண்டி பொதுநலனுக்கு அவசியந்தானா என்று அதிகாரிகள் ஆராயவேண்டும் என்றும், ஏற்கெனவே பர்மிட் வைத்திருப்போர் ‘இருக்கும் வண்டிகளே போதும்’ என்று எழுப்பும் ஆட்சேபத்தையும் கவனிக்கவேண்டும் என்றும் தன் 50ஆம் பிரிவில் கூறியது. புதுக் கடை திறப்பவன் எதிர்க்கடைக்காரரின் அபிப்பிராயத்துக்குக் காத்திருப்பதற்கும் இதற்கும் வெகுதூரமில்லை. நியூயார்க் நகரமோ 1937இல் டாக்ஸிகளுக்கு உச்சவரம்பே விதித்தது. அங்கே உரிம வில்லை ஒன்றே பிற்காலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலைபோயிற்று.

காஞ்சிக்காரருக்கு எல்லையும் ஒரு தடையாக வந்து சேர்ந்தது. அவர்களுடைய வாடிக்கையான திருப்பதி சவாரி, 1953இல் ஆந்திரம் பிரியும் வரையில் ஒரே மாகாணத்துக்குள் அமைந்த பிரயாணம். பிரிந்தபின், வேற்று மாநில அனுமதி தேடி வரியும் கட்டவேண்டிய காரியமாயிற்று.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பழைய சட்டத்தின் நோக்கைத் தலைகீழாக்கியது. பர்மிட் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுத்தலாகாது என்று அதன் 80ஆம் பிரிவு கூறிற்று. எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பதை ஐந்து லட்சத்துக்குக் குறையாத ஜனத்தொகையுள்ள நகரங்களோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் காகிதம் குறையவில்லை. டேஷ்போர்டின் மேல் வரதர் படம் இருக்கும். டேஷ்போர்டைத் திறந்தால் பர்மிட், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி ரசீது யாவும் பிளாஸ்டிக் உறையொன்றில் மடிந்திருக்கும். இரண்டாம் கார் வாங்கினால் இத்தனையும் இன்னொரு முறை. ஆகவே ஒற்றைக் கார் முதலாளிகள், முதலைப் பெருக்காமலே தொழிலைப் பெருக்கும் உபாயம் கண்டார்கள்: முகூர்த்த நாளுக்குப் பத்துக் கார் கேட்கும் வீட்டாரிடம் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டு, மீதி ஒன்பதையும் ஸ்டாண்டிலுள்ள சகாக்களிடம் கமிஷனுக்குத் திரட்டுவது. 2010இல் தோன்றிய ஓலா கம்பெனியின் ஆதாரத் தத்துவமும், செல்போனை நீக்கிப் பார்த்தால், இதுவேதான். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வகை இடையீட்டாளருக்கும் உரிமம் அவசியமென்றது. வரியும் பர்மிட்டும் இன்றி வாடகைக்கு ஓடும் ‘ஓன் போர்டு’ கார்களைப் பற்றி, பர்மிட் பெற்று ஓட்டும் மஞ்சள் போர்டுக்காரருக்குள்ள மனக்குறை மட்டும் எந்தச் சட்டத்தாலும் தீர்ந்தபாடில்லை.

1988ஆம் ஆண்டின் சட்டம் அமலுக்கு வந்து சரியாக முப்பதாண்டு நிறைந்த 2019 ஜூலை 1 அன்று, நாற்பதாண்டுக்கு ஒருமுறை வரதராஜர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரின் வைபவம் தொடங்கி, ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் நடந்தது. சவாரி அதுவரை கண்டிராத அளவுக்குக் கிடைத்தது. கார்களோ ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன.