வள்ளலார் விலகி நின்ற அடுப்பு

பிறருக்கு உதவும் பணியில் இருப்பவர், அந்தப் பணியே தான் என்று எண்ணத் தொடங்கினால் பணியும் கெடும், ஆளும் நொறுங்குவார். இதைக் கடலூர்ச் சீமை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது என்பதற்கு பசித்தவருக்குச் சோறு போடும் வடலூர் சத்திய தருமச்சாலையே சான்று. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த, வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23 அன்று அதைத் தொடங்கினார். அதே ஆண்டு அச்சேறிய திருவருட்பா நூலில் தம் பெயரோடு 'சாமி' என்று சேர்ப்பது ஆரவாரம் என மறுத்தார். 1870இல் தருமச்சாலையை விட்டு மேட்டுக்குப்பத்துக்குக் குடிபெயர்ந்தார். நிர்வாகம் அன்பர்கள் கையில் இருந்தது.

இப்படி விலகுவது இரக்கம் குறைந்ததன் அடையாளம் அல்லவா என்று கேட்கலாம். வாடிய பயிருக்கும் வருந்திய மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. அவர் இரக்கத்தைக் குறைக்கவில்லை. உரிமை கொண்டாடுவதைத்தான் குறைத்தார். இன்று அவர் பெயரைச் சொல்லித்தானே சோறு போடுகிறார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் தருமச்சாலையின் நீண்ட அடுப்பில் விறகு தள்ளுபவரும், அரிசி மூட்டை தந்தவரும், இலை போடுபவரும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பந்தியில் உட்காருபவரிடம் சாதியோ மதமோ கேட்பதில்லை. 1874 ஜனவரி 30 அன்று அடிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாக அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அதன் பிறகும் தருமச்சாலையில் சோறு போடுவது நிற்கவில்லை, இன்றும் போடுகிறார்கள்.