வாங்கும் விலையும் தாங்கும் விலையும்

அக்கரைப்பற்றுக்கு அப்பால், சாகாமம் குளத்து நீர் பாயும் வயல்களுக்கென உழவு இயந்திரம் வாங்கப் போகும் கமக்காரன் மூன்று கேள்விகளைக் கேட்பான். எவ்வளவு எண்ணெய் குடிக்கும்? உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுது பார்க்க ஆள் உண்டா? யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிடலாகாது என்பது அவன் கவலை. ஆயின், அதிவேகக் கார் ஒன்றின் முன் நிற்கும் மனிதன் இம்மூன்று கேள்விகளையும் எளிதில் மறந்துவிடுகின்றான்.

அம்மறதியை வெறும் பேதைமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. தன் காலால் ஓட இயலாத விரைவைப் பிறிதொன்றின் மீதேறி அடைய விழைதல் மனித இயல்பு. பண்டு குதிரை அளித்த பெருமிதத்தை இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி அளித்தது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டிலேயே மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கிவிட்டது. சென்னையில் 1953ஆம் ஆண்டில் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிற்று.

இப்பந்தயங்கள் நடைபெற்ற இடங்களை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சென்னைக்கு அண்மையில் சோழவரம். களுத்துறைக்கு அண்மையில் கட்டுக்குருந்தை. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்கள். போர் முடிந்தபின் அவற்றின் ஓடுபாதைகளிலே கார்கள் ஓடின. காரணம் வெளிப்படை. மாட்டு வண்டியும் பாதசாரியும் செல்லும் பொதுவீதியில் அந்த வேகத்துக்கு இடமில்லை. காரை ஒருவன் விலைக்கு வாங்கலாம். அதற்கேற்ற வீதியை வாங்க இயலாது. இலங்கையின் அதிவேகப் பாதையிற்கூட மணிக்கு 100 கிலோமீற்றரே எல்லை. அதற்கு மேற்பட்ட ஆற்றல் அனைத்தும், காசு கொடுத்து வாங்கியும் பூட்டி வைக்கப்பட்ட பொருளேயாகும்.

இலவசமாக வந்த கார்கூடச் செலவின்றி வந்ததில்லை. துடுப்பாட்ட வீரர் சச்சின் தெண்டுல்கர், டொனால்ட் பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன் செய்ததைப் பாராட்டி, பியட் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் அவருக்குப் பெராரி 360 மொடேனா கார் ஒன்றைப் பரிசளித்தது. பந்தய வீரர் மைக்கேல் சூமாக்கர் அதனைக் கையளித்தார். இந்தியாவின் சுங்கத் தீர்வையோ ஒரு கோடியே பதின்மூன்று இலட்சம் ரூபாய். அரசு அதற்கு விலக்களிக்கவே பொதுமக்களிடையே கண்டனம் எழுந்தது. வழக்கும் நீதிமன்றம் சென்றது. ஈற்றில் பரிசளித்த நிறுவனமே தீர்வையைச் செலுத்தியது. தீர்வையை எவர் செலுத்துவது என்ற கேள்வியே பரிசின் மகிழ்ச்சியை மறைத்துவிட்டது.

செலவு பெருகுவதற்கு இயற்கை விதியே ஒரு காரணம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை எதிர்க்க வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த புகாட்டி வேய்ரோன் இதற்குச் சான்று. ஆயிரங் குதிரைவலுவுக்கு மேற்பட்ட அக்கார் மணிக்கு 400 கிலோமீற்றரைக் கடந்தது. அந்த உச்ச வேகத்தில் அதன் 100 லீற்றர் கொள்ளும் பெற்றோல் தாங்கி சுமார் பன்னிரண்டு நிமிடங்களில் வற்றிவிடும்.

பணத்தால் அளக்க முடியாத செலவும் உண்டு. வேகம் இரு மடங்கானால் மோதலின் தாக்கம் நான்கு மடங்காகும். 1955 யூன் 11ஆம் நாள், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று சிதறிப் பார்வையாளர் மீது பாய்ந்தது. ஓட்டுநரும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அவ்வாண்டின் முடிவில் பந்தயக் களத்தை விட்டு விலகிய அந்நிறுவனம், 1980களிலேதான் மீண்டது. மாண்ட பார்வையாளருள் எவரும் அந்தக் காருக்கு உரிமையாளர் அல்லர். எனினும், அதன் விலையை அவர்களும் செலுத்தினர்.

ஒரு நாடும் அவ்வாறு செலுத்த நேரும். அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு, 2020 மார்ச்சு மாதத்தில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி மாதத்திலேதான் கதவு திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பெற்றோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அவ்வளவும் வேய்ரோனின் உச்ச வேகத்தில் மூன்று நிமிடத்துக்குப் போதாது! டொலரில் வாங்கிய எரிபொருளைக் காருக்கும், மீன்பிடிப் படகுக்கும், உழவு இயந்திரத்துக்கும் பகிரவேண்டிய நாட்டிலே, ஒருவனது வேகம் அவனுடைய சொந்தச் செலவு மட்டுமன்று என்பதை நீண்ட வரிசைகள் எல்லோருக்கும் உணர்த்தின.

வேகத்தில் அழகுண்டு, அதனை ஆக்கிய பொறியியலாளரின் அறிவு போற்றற்குரியது. ஆயினும், விற்பவன் சொல்வது வாங்கும் விலையை மட்டுமே. தாங்கும் விலையை வீதியும், அயலாரும், நாடும் சேர்ந்தே சொல்லும். சாகாமத்துக் கமக்காரன் கேட்கும் மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் அதிவேகக் கார் வாங்குவோன் கேட்டல் தகும்: “இதன் செலவை என்னோடு சேர்ந்து வேறு யார் சுமக்கப் போகின்றார்கள்?”