நூறு டாலர் தங்கம்

அகமதாபாத்தில் எங்கள் கிளை வாசலில் நிற்கும் காவலாளி பீகார்க்காரர், தர்பங்கா பக்கம். போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடித்த தாள்கட்டு ஒன்றை என் மேஜைமேல் வைத்து, "சாப், இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவம். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மாத்திரையை இன்னொரு கம்பெனி தயாரிக்கிறது. அதை விழுங்கிவிட்டு, சில இரவுகள் அங்கேயே தங்கி, மணிக்கணக்குப்படி ரத்தம் கொடுக்க வேண்டும். கிடைக்கும் பணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில்.

கடன் பத்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பி.காம். படித்தவன் இதற்கு என்ன சொல்வது? "இரண்டு நாள் கொடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ராத்திரி அதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது, எப்போதோ படித்திருந்த இன்னொரு பத்திரம். 1900-ல் ஹவானாவில் எழுதப்பட்டது.

கியூபா அப்போது அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. (நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்லை, இது வேறு.) கொசுதான் காரணம் என்று ஹவானா டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைச் சோதிக்க வால்டர் ரீட் தலைமையில் ராணுவ மருத்துவர் குழு வந்தது. குழுவில் இருந்த ஜேம்ஸ் கரோல் கொசுவைத் தன் கையிலேயே கடிக்க விட்டு, செத்துப் பிழைத்தார். இன்னொருவர் ஜெஸ்ஸி லாசியர் பிழைக்கவில்லை, செப்டம்பர் 25 அன்று இறந்தார். அதற்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே லாசியர் பெயரில் ஒரு முகாம் போட்டு, வெளி ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சல் வந்துபோயிருக்கும், மறுபடி வராது. ஆகவே தேவைப்பட்டவர்கள், ஸ்பெயினிலிருந்து பிழைப்பு தேடிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். ஊர் விட்டு ஊர் வந்தவன்தான் அங்கேயும் கிடைத்தான்.

அவர்களுக்கு ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒப்பந்தம் எழுதினார்கள். வயது 25-க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு மாதம் முடிந்தால் நூறு டாலர், தங்கமாக. காய்ச்சல் வந்து பிழைத்தால் இன்னொரு நூறு. இறந்துபோனால் இருநூறும் அவன் சொல்லும் ஆளுக்கு. அன்றைக்குச் சாதாரண அமெரிக்கச் சிப்பாயின் மாதச் சம்பளமே 13 டாலரையொட்டித்தான். உயிருக்கு ஆபத்து உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய நேர்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் தொழில் புத்தி, ஷரத்துக்களைத்தான் தேடும். இந்தத் தீவில் இருக்கும்வரை நோயைத் தவிர்க்கவே முடியாது என்பதால், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடத்தில் தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறவன் சொல்வதாக ஒரு வரி. "தவிர்க்கவே முடியாது" என்று யார் கணக்குப் போட்டது? எடைபோட வேண்டியவன் அவன், எடையைப் போட்டு எழுதியவர்கள் இவர்கள். இன்னொன்று, முகாமை விட்டுப் போனால் ஒரு காசு கிடையாது.

வால்டர் ரீட் எழுதியிருக்கிறார்: ஆரம்பத்தில் இந்த ஆட்கள் கொசுவைப் பார்த்துச் சிரித்தார்களாம். கூட இருந்தவர்கள் வரிசையாகப் படுத்ததும் பலர் பணமே வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள். எனக்கென்னவோ, படிவத்தை நிஜமாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.

ஜான் கிஸிங்கர் என்ற சிப்பாயும் ஜான் மோரன் என்ற குமாஸ்தாவும் பணமே வேண்டாம் என்று சொல்லி வந்தவர்கள். இருவருக்கும் காய்ச்சல் வந்தது, மோரனுக்குக் கிறிஸ்துமஸ் அன்று. லாசியர் முகாமில் யாரும் சாகவில்லை, கொசுதான் குற்றவாளி என்பதும் நிரூபணம் ஆயிற்று. அந்த நிம்மதியில் 1901-ல் ஹவானா ஆஸ்பத்திரி ஒன்றில் மறுபடி கொசுக்கடி. கிளாரா மாஸ், அமெரிக்க நர்ஸ், பெரிய குடும்பத்தின் மூத்த பெண், வயது 25. அவருக்கும் அதே நூறு டாலர். ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். ஸ்பெயின்காரர் இருவரும் இறந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, சோதனை நின்றது.

இரண்டு நாள் கழித்துக் காவலாளியை உட்காரவைத்து, படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். 2019 விதிகளின்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம், பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நடுவில் வந்துவிட்டால் இருந்த நாளுக்குக் கணக்குப் போட்டுத் தருவோம் என்றும் போட்டிருந்தது. ஹவானாவையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "செத்தால் யாருக்குப் பணம் என்று அவர்கள் யார் பெயரை எழுதினார்கள் சாப்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அவர் எட்டாவது வரை படித்தவராம். திங்கள்கிழமை கேட்டேன். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றார்.