6 வோல்ட்டில் இருந்து 400 வோல்ட் வரை: கார் ஆம்ப் வந்த வழி

இந்த எபிசோடுக்குக் காரணம், மணவாள நகர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி. "ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் நானே ஆம்ப் அசெம்பிள் பண்ணித் தரேன் அண்ணா. எலெக்ட்ரிக் காருக்கும் பண்ணலாமா? இல்ல, இனிமே இந்தத் தொழிலே அவ்வளவுதானா?"

திருவள்ளூர் ஸ்டேஷனை ஒட்டின ஊர்ல இருந்து இப்படி ஒரு கேள்வி வர்றதுல ஆச்சரியம் இல்ல. 1998-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் திருவள்ளூர்லதான் தயாரிக்க ஆரம்பிச்சது. 2023-ல விற்பனைக்கு வந்த சிட்ரோயன் இ-சி3 எலெக்ட்ரிக் காரும் திருவள்ளூர்ல செய்றதுதான். வண்டி பக்கத்துலயே தயாராகுது. அதைத் திறந்து வேலை பார்க்க உள்ளூர்ப் பையனுக்கு முடியுமாங்கிறதுதான் விஷயம்.

பதில் சொல்ல 1930-க்குப் போகணும். சிகாகோவுல பால் கால்வினோட கம்பெனி மோட்டரோலாங்கிற பேர்ல கார் ரேடியோ விற்க ஆரம்பிச்ச வருஷம் அது. அன்னிக்கு இருந்தது வால்வு ரேடியோ. வால்வுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல வேணும், கார் பேட்டரியோ வெறும் 6 வோல்ட். முதல்ல தனியா உலர் பேட்டரிகளை வண்டிக்குள்ள அடுக்கினாங்க. அப்புறம் வைப்ரேட்டர் வந்தது. ஒரு சின்ன உலோக நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல துடிச்சு கரண்ட்டை வெட்டி வெட்டி விடும். அதை டிரான்ஸ்ஃபார்மர் ஏத்திக் கொடுக்கும்.

டிரான்சிஸ்டர் வந்ததும் 12 வோல்ட்டே போதும்னு ஆச்சு. ஆனா 12 வோல்ட்டுக்கு ஒரு எல்லை உண்டு. இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற 14.4 வோல்ட்டை வெச்சுக் கணக்குப் போட்டாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண சர்க்யூட்ல சுமார் 6.5 வாட்தான் வரும். ரெண்டு ஆம்ப்பை எதிரெதிரா ஓடவிட்டு பிரிட்ஜ் பண்ணா நாலு மடங்கு, அதாவது 26 வாட் வரைக்கும் போகலாம். இதுவும் காகிதக் கணக்குதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வாங்கினவங்களுக்கு 4440 ஐசி தெரியும். சான்யோவோட அந்த ஐசி ஸ்டீரியோவுல 6 வாட், பிரிட்ஜ்ல 19 வாட். ரெண்டும் இந்தக் கணக்குக்குள்ளதான் நிக்குது.

அதுக்கு மேல வேணும்னா வோல்ட்டேஜை ஏத்தணும். பெரிய கார் ஆம்ப்புக்குள்ள இருக்கிற ஃபெரைட் கோரும் மாஸ்ஃபெட்டும் அந்தப் பழைய வைப்ரேட்டர் வேலையைத்தான் செய்யுது, நொடிக்குப் பல ஆயிரம் தடவை.

வெட்டி விடுற இதே வேலையை ஆம்ப்புக்கே பண்ணா அது கிளாஸ் டி. 1964-ல இங்கிலாந்துல சிங்க்ளேர் கம்பெனி எக்ஸ்-10-னு ஒரு கிட் விட்டாங்க, வீட்ல நாமளே சால்டர் பண்ணிக்கிற மாதிரி. 10 வாட்னு பேர், கிடைச்சது 2.5 வாட். ஐடியா சரிதான், அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் அதுக்கு ஈடுகொடுக்கல. இன்னிக்கு மாஸ்ஃபெட் இருக்கிறதால கிளாஸ் டி போர்டு 90 சதவீதம் வரை திறனோட ஓடுது.

இப்போ எலெக்ட்ரிக் காருக்கு வருவோம். இங்க கதை தலைகீழ். பெரும்பாலான கார்கள்ல பெரிய பேட்டரி 300, 400 வோல்ட். அதை டிசி-டிசி கன்வெர்ட்டர் இறக்கி 12 வோல்ட் ஆக்குது. நம்ம ஆம்ப் அதை வாங்கி மறுபடி ஏத்துது. சுத்து வழின்னு தோணும், ஆனா உயிரைக் காப்பாத்துறதே இந்த ஏற்பாடுதான். ஆரஞ்சு நிற வயர் போற பக்கம் கை வைக்கவே கூடாது. அங்க இருக்கிற டிசி ஆளையே கொன்னுடும். 12 வோல்ட் பக்கமோ, தம்பி ஷேர் ஆட்டோவுல பார்த்த அதே உலகம்.

ரெண்டு வித்தியாசம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும். ஒண்ணு, பெரிய பேட்டரியை இணைக்கிற கான்டாக்டர் சுவிட்சுக்குக் கரண்ட் போறது சின்ன 12 வோல்ட் பேட்டரியில இருந்து. வண்டி நிக்கும்போது ஆம்ப் அதை உறிஞ்சிட்டா, பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தும் கார் கிளம்பாது. அதனால வண்டி ஆன் ஆனா மட்டும் ஆம்ப் ஆன் ஆகணும். பேட்டரி முனைக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் போடணும்.

ரெண்டாவது, சத்தம். மோட்டாரை ஓட்டுற இன்வெர்ட்டர் கிளப்புற இரைச்சல் காரணமா டெஸ்லாவும் பிஎம்டபிள்யூ ஐ3-யும் ஏஎம் ரேடியோவையே விட்டுட்டாங்க. கிரவுண்டிங்கும் ஷீல்டிங்கும் சரியில்லாத ஆம்ப்புக்குள்ளயும் அது நுழையும். ஆட்டோவுல இன்ஜின் சத்தம் அதையெல்லாம் மூடிடும். இங்க மூட எதுவுமே இல்ல, சின்ன "ஸ்ஸ்" கூட காதுல விழும்.

ரேஞ்ச் குறையுமான்னு கேட்பாங்க. இ-சி3-யோட 29.2 யூனிட் பேட்டரிக்குச் சான்றிதழ்ல சொல்ற தூரம் 320 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 91 வாட்-அவர். ஆம்ப் ஒரு மணி நேரம் 100 வாட் இழுத்தாலும் போறது ஒரு கிலோமீட்டர்தான்.

அதனால தம்பி, தொழில் முடியல. வாரன்ட்டி போகலாம்னு ஓனர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. அவர் சரின்னா கிளாஸ் டி போர்டு எடுங்க, ஃபியூஸை மறக்காதீங்க, ஆரஞ்சு வயரைப் பார்த்தா கையை எடுத்துடுங்க.