ஃபுட் துரையின் கல் கோடரிகள்

ஏற்காடு போறவங்க ஏரியில படகு விட்டு, லேடீஸ் சீட்ல நின்னு சேலத்தைப் பார்த்து, காபித்தூள் வாங்கிக்கிட்டு மலை இறங்கிடுவாங்க. ஊருக்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம்னு ஒண்ணு இருக்கு. ராபர்ட் புரூஸ் ஃபுட்டோட நினைவுச்சின்னம் அங்கதான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தைன்னு சொல்றாங்களே, அவரேதான். 1912 டிசம்பர் 29ல கல்கத்தாவுல இறந்தார். ஆனா கடைசிக் காலத்துல வாழ்ந்தது ஏற்காட்டுல.

ஃபுட் நிலவியல்காரர். 1858ல இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில சேர்ந்தார். வில்லியம் கிங்கோட சேர்ந்து திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டங்களின் பாறைகளைப் பத்தி 1864ல அறிக்கை எழுதினார். அதுக்கு முந்தின வருஷம் 1863 மே 30, பல்லாவரத்துல ஒரு சரளைக்கல் குழியில கையில எடுத்தது ஒரு பழைய கற்காலக் கருவி. அப்ப அவருக்கு வயசு 28. (இந்த வயசுல நான் என்ன கண்டுபிடிச்சேன்னு கேட்காதீங்க. ஒரு பக்ல மூணு நாள் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.)

சாதாரண ஆளுக்கு அது உடைஞ்ச கல். அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? 1859ல பிரான்சுல சோம் ஆற்றங்கரையில கிடைச்ச கருவிகளை பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் போய்ப் பார்த்துட்டு வந்து, இதெல்லாம் மனுஷன் செஞ்சதுதான்னு லண்டன்ல பேசினாங்க, எழுதினாங்க. அந்தச் சேதி கடல் தாண்டி வந்து ஃபுட்டோட மனசுல இருந்தது. யாரோ ஒழுங்கா எடுத்துச் சொன்னதாலதான் பல்லாவரத்துக் கல் கருவியாச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல கிங்கோட சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடிச்சார்.

நாற்பது வருஷமா சேர்த்த ஆயிரக்கணக்கான பொருட்களை 1904ல சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிடுச்சு. அதுக்கு ஒவ்வொண்ணா விவரம் எழுதினார் மனுஷன். எங்க கிடைச்சது, என்ன கல்லு, என்ன வடிவம், எல்லாம் இருக்கும். அந்த விவர அட்டவணை 1914லயும், குறிப்புகள் 1916லயும் அச்சாச்சு. இரண்டையும் பார்க்க அவர் இல்லை. நம்ம தொழில்ல டாக்குமென்டேஷன்னா ஓடுற கூட்டம் ஒரு தடவையாவது அதைப் புரட்டிப் பார்க்கணும்.

எனக்கு உறுத்துற விஷயம் இனிமேதான் வருது. சேர்வராயன் மலையில புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைச்சிருக்கு. கருங்கல்லைத் தேய்ச்சு இழைச்சு, விளிம்பைக் கூராக்கினது. மூவாயிரம் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். மலைவாழ் மக்கள் இதைக் கண்டெடுத்தா மரத்தடியில, பிள்ளையார் கோயில்ல வெச்சுக் கும்பிட்டிருக்காங்க. கையில எடுத்த உடனே ‘இது சும்மா கல்லு இல்லை’ன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! பாதி விஷயம் அவங்ககிட்ட, மீதி விஷயம் அதே மலையில வாழ்ந்த துரைகிட்ட. துரை எழுதினது இங்கிலீஷ்ல, அதுவும் அருங்காட்சியகப் பதிப்பு. மலை மேல யாரு படிப்பாங்க?

ஃபுட்டை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். பொதுஜனத்துக்கு விளங்கச் சொல்றதும் விஞ்ஞானியோட வேலையில ஒரு பகுதின்னு இங்கிலாந்திலேயே ராயல் சொசைட்டி ஒரு அறிக்கையில அழுத்திச் சொன்னது 1985லதான். வால்டர் பாட்மர் தலைமையிலான குழு எழுதினது. விஞ்ஞானிகளுக்குப் பத்திரிகைக்காரங்ககிட்ட பேசப் பயிற்சின்னு பரவலா ஆனது அதுக்கப்புறம்தான். லண்டன்ல 2002ல சயின்ஸ் மீடியா சென்டரே திறந்தாங்க. இங்க 1982ல தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்பு மன்றம் வந்தது. 2018ல ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வைக் கதை மாதிரி எழுதினா பரிசுன்னு ‘அவ்சர்’ திட்டம் வந்தது.

பயிற்சின்னா பெரிய மாயம் ஒண்ணும் இல்லை. கேமரா முன்னாடி உட்கார வெச்சுக் கேள்வி கேட்பாங்க. முடிவை முதல்ல சொல்லு, முறையைப் பின்னால சொல்லு. எது உறுதி, எது உறுதியில்லைன்னு பிரிச்சுச் சொல்லு. நாளைக்கு என்ன தலைப்பு போடுவாங்கன்னு இன்னைக்கே யோசி. நம்ம ஐடி கம்பெனியில சேர்ந்த முதல் மாசமே கிளையன்ட்கிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுத்துடறாங்க. முனைவர் பட்டத்துக்கு அஞ்சு வருஷம் படிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் அது கிடைக்கிறதில்லை.

இல்லைன்னா என்ன ஆகும்? ஃபுட் கண்டுபிடிச்ச அதே அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கோங்க. சாந்தி பப்பு குழுவினர் 2011ல ‘சயின்ஸ்’ இதழ்ல எழுதினாங்க. அங்கே இருக்கிற கைக்கோடரிகளோட வயசு குறைஞ்சது 10.7 லட்சம் வருஷம், கணக்கிட்ட சராசரி 15.1 லட்சம். நம்ம காதுக்கு வரும்போது ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமிழன்’! அய்யா, அப்ப நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸே உலகத்துல கிடையாது. கருவி செஞ்சவங்க யாருன்னு சொல்ல அங்கே ஒரு எலும்புகூடக் கிடைக்கலை. 2018ல ‘நேச்சர்’ல சுமார் 3,85,000 வருஷத்துக்கு முந்தைய இன்னொரு வகைக் கருவிகளைப் பத்தி எழுதினப்பவும் இந்தக் கேள்வி அப்படியேதான் நின்னுச்சு. ‘செஞ்சது யாருன்னு தெரியாது’ங்கிறதை முதல் ரெண்டு வாக்கியத்துக்குள்ள சொல்லிடணும். பத்தாவது பத்தியில சொன்னா நிருபர் நோட்டை மூடிட்டுப் போயிருப்பார்.

சாந்தி பப்பு தொடங்கின சர்மா பாரம்பரியக் கல்வி மையம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சிப் பட்டறை நடத்துறாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆய்வுக்கட்டுரை எழுதுறவங்களே பசங்ககிட்ட வந்து உட்கார்றது நம்ம ஊர்ல அபூர்வம். அதை சேர்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துலயும், உள்ளூர்ப் பேச்சுத் தமிழ்ல, அந்தப் பிள்ளையார் கோயில் கல்லையே வெச்சு நடத்தினா எப்படி இருக்கும்!

சேலத்து நண்பர்களுக்கு ஒண்ணு. மலைப்பக்கம் போறப்ப கோயில்ல அந்த மாதிரி வழவழன்னு ஒரு கல்லைப் பார்த்தீங்கன்னா, பூசாரிகிட்ட கேட்டுட்டுப் படம் மட்டும் எடுங்க. கல்லைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. சேலம் அரசு அருங்காட்சியகத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.